பெல்ட் கட்டாமல் பிள்ளையின் துடிப்பைப் பார்த்தால் போதுமா?

கேள்வி:

வணக்கம் டொக்டர். நான் சுன்னாகத்தில் இருக்கிறேன். முதல் பிள்ளை, இப்போது 34 கிழமை. பிரஷர், சலரோகம் ஒன்றும் இல்லை. பிள்ளையின் வளர்ச்சியும் சரி என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். என் மச்சாளுக்கு, அதாவது என் கணவரின் அக்காவுக்கு, போன வருடம் ஒரு தனியார் வைத்தியசாலையில் பிள்ளை பிறந்தது. நோ தொடங்கியதிலிருந்து வயிற்றில் பெல்ட் கட்டியே வைத்திருந்தார்கள். கடைசியில் “பிள்ளையின் துடிப்பு இறங்குது” என்று அவசர அவசரமாக சிசேரியன் செய்தார்கள். கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். பிள்ளை இப்போது நல்ல சுகம். ஆனால் அரசாங்க வைத்தியசாலையில் பிள்ளை பெற்ற பக்கத்து வீட்டு அக்காவுக்கு பெல்ட்டே கட்டவில்லை. இடைக்கிடை ஒரு சின்ன மெஷினை வைத்துக் கேட்டுவிட்டுப் போனார்களாம். நானும் அங்கேதான் போகப்போகிறேன். பெல்ட் கட்டச் சொல்லிக் கேட்க வேண்டுமா? மச்சாளுக்கு வெட்டியது உண்மையிலேயே தேவைதானா? கனடாவில் இருக்கும் என் கணவர், வீட்டிலேயே துடிப்புக் கேட்கும் மெஷின் ஒன்றை அனுப்புகிறேன் என்கிறார். அதை வாங்கலாமா? கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது என்று மாமி வேறு கவலைப்படுகிறார். அந்த மாமன் என் கணவர்தான்.

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பது போல எல்லாம் சரியாக இருந்து, 37 கிழமை கடந்து, நோ தானாகவே தொடங்கினால், இடைக்கிடை வந்து துடிப்பைக் கேட்பதுதான் உங்களுக்கு உரிய முறை. ஆட்கள் குறைவு என்பதற்காகச் செய்யும் சமாளிப்பு என்று அதை நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரையும், ஆரோக்கியமான தாய்க்குத் தானாக நோ வந்திருந்தால் பிள்ளையின் துடிப்பைத் தொடர்ந்து தாளில் எழுதும் மெஷினின் பெல்ட்டைக் கட்டியே வைக்க வேண்டாம் என்றே சொல்கிறது. ஆனால் கேட்பவர் உரிய நேரத்தில், உரிய முறையில் கேட்க வேண்டும். நிலைமை மாறினால் தாமதிக்காமல் பெல்ட்டுக்கு மாற வேண்டும். இவை இரண்டும் என்ன என்று தெரிந்து வைத்திருந்தால் பிரசவ அறையில் எதைக் கேட்பது, எப்போது கேட்பது என்று குழம்ப மாட்டீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நோ வரும்போது கர்ப்பப்பை இறுகுகிறது. அந்தத் தசைக்கு ஊடாகத்தான் நச்சுக்கொடிக்கு இரத்தக் குழாய்கள் போகின்றன. (நச்சுக்கொடியைப் பள்ளிக்கூடத்தில் சூல்வித்தகம் என்று படித்திருப்பீர்கள்.) தசை இறுக, குழாய்கள் நெருக்குப்பட்டு, பிள்ளைக்கு வரும் ஒட்சிசன் கொஞ்ச நேரம் குறைகிறது. நோ விட்டதும் இரத்தம் மறுபடி பாயும். நம் கடலில் சங்கு குளிக்கிறவர் மூச்சை அடக்கிக்கொண்டு அடிக்குப் போய், மேலே வந்து மூச்சு வாங்கி, திரும்பவும் போவாரே, அதைப் போலத்தான் பிள்ளையும் ஒவ்வொரு நோவையும் தாண்டுகிறது. உடம்பில் தெம்புள்ளவர் மணித்தியாலக் கணக்காக மூழ்கி எழும்புவார். மேலே வந்து மூச்சு வாங்க நேரம் கிடைக்காமல் போனாலோ, முதலே உடம்பு பலவீனமாக இருந்தாலோதான் ஆபத்து. நன்றாக வளர்ந்த, நிறைமாதப் பிள்ளைக்கு இயற்கை அந்தத் தெம்பைக் கொடுத்தே அனுப்புகிறது. வளர்ச்சி குறைந்த பிள்ளைக்கும், குறைமாதப் பிள்ளைக்கும் அது குறைவு.

ஆகவே எப்போது கேட்கிறார்கள் என்பது முக்கியம். நோ விட்ட உடனே கேட்க வேண்டும். பிள்ளை மூச்சு வாங்கிச் சுதாரிக்கிறதா, இல்லை துடிப்பு கீழேயே நிற்கிறதா என்பது அந்த ஒரு நிமிடத்தில்தான் தெரியும். நோ வந்து போய் ஆறுதலாக நீங்கள் படுத்திருக்கும் நேரத்தில் வந்து கேட்டால் எல்லாமே நன்றாக இருப்பது போலத்தான் தெரியும்.

நன்றாகக் கேட்கத் தெரிந்த ஒரு மருத்துவமாதுவை அருகில் நின்று பார்த்தால் விளங்கும். முதலில் இரண்டு கையாலும் வயிற்றைத் தடவி, பிள்ளையின் முதுகு எந்தப் பக்கம் என்று பார்ப்பார். துடிப்பு முதுகுப் பக்கமாகத்தான் தெளிவாகக் கேட்கும். தலை கீழே இருக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் உங்கள் தொப்புளுக்குக் கீழே, இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கும். பிறகு ஒரு கையை வயிற்றின் மேற்புறத்தில் வைத்தபடியே ஒரு நோ வந்து இறுகி இளகும் வரை காத்திருப்பார். இளகத் தொடங்கியதும் குழலையோ டொப்ளர் என்ற அந்தச் சின்ன மெஷினையோ வைப்பார். பினார்ட் குழல் என்றால் அகன்ற வாய் வயிற்றில், மறுமுனை அவர் காதில். கையை எடுத்துவிடுவார், கை பட்டால் அந்த உராய்வுச் சத்தமே காதில் விழும். மற்றக் கை உங்கள் மணிக்கட்டில் நாடி பிடித்திருக்கும். கண் சுவரில் இருக்கும் மணிக்கூட்டில். ஒரு முழு நிமிடம். கால் நிமிடம் கேட்டு நாலால் பெருக்குவதெல்லாம் இந்த வேலைக்குப் போதாது, ஏனென்றால் இறங்கி ஏறுவது அந்த மிச்ச முக்கால் நிமிடத்தில் நடந்திருக்கலாம்.

நாடி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். உங்கள் நாடியும் பிள்ளையின் துடிப்பும் வேறு வேறு என்று உறுதிப்படுத்தத்தான். சாதாரணமாகப் பிள்ளையின் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கும், தாயின் நாடி அதைவிட நன்றாகக் குறைவு. ஆனால் முக்கித் தள்ளும் நேரத்தில் தாயின் நாடியே 120, 130 என்று ஏறிவிடும். அப்போது மெஷினில் வருவது யாருடைய துடிப்பு என்று தெரியாமல் ஏமாறலாம். பெல்ட் கட்டியிருந்தாலும் இந்த ஏமாற்றம் நடக்கும். எந்த மெஷின் வைத்திருந்தாலும் தாயின் நாடியைத் தொட்டுப் பார்க்காமல் எண்ணை எழுதக்கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரி.

அந்தக் குழல் பழைய சாமான் என்று யாரும் இளப்பமாக நினைக்க வேண்டாம். 1821இல் கெர்கராடெக் என்ற பிரெஞ்சு வைத்தியர், பன்னீர்க்குடத்துத் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்குமா என்று ஒரு தாயின் வயிற்றில் குழலை வைத்துப் பார்த்தபோதுதான் பிள்ளையின் துடிப்பு அவர் காதில் விழுந்தது. இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கும் வடிவத்தை அடோல்ஃப் பினார்ட் 1895இல் கொண்டுவந்தார். கரண்ட் போனாலும் பற்றரி தீர்ந்தாலும் அது வேலை செய்யும்.

எத்தனை தரம் கேட்க வேண்டும்? நோ நன்றாகப் பிடித்து, கர்ப்பப்பை வாய் விரியும் கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை. பல வழிகாட்டிகள் 15 நிமிடம் என்றே சொல்கின்றன. முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் கேட்ட எண்ணை, பிரசவம் எப்படிப் போகிறது என்று குறிக்கும் பார்ட்டோகிராம் தாளில் புள்ளியாகப் போடுவார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு “இடைக்கிடை வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கணக்குப்படி வந்து கேட்டிருந்தால் அவருக்குச் சரியான பராமரிப்புத்தான் கிடைத்திருக்கிறது.

சரி, கேட்பது நல்லதென்றால் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இன்னும் நல்லதல்லவா? நியாயமான கேள்வி. 1960களில் பெல்ட் மெஷின், அதாவது சி.ரி.ஜி., வந்தபோது உலகம் முழுக்க வைத்தியர்களும் அப்படித்தான் நம்பினார்கள். பிறகு தாய்மாரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு விடாமல் சி.ரி.ஜி., மற்றப் பிரிவுக்கு இடைக்கிடை கேட்பது என்று வைத்து ஆராய்ந்தார்கள். அதில் மிகப் பெரியது அயர்லாந்தின் டப்ளினில், ஏறக்குறைய 13,000 தாய்மாரை வைத்து நடந்து, 1985இல் வெளியானது. இதுபோன்ற 13 ஆய்வுகளை, 37,000க்கு மேற்பட்ட தாய்மாரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வும் இருக்கிறது.

முடிவு இதுதான். பெல்ட் கட்டிய பிரிவில், பிறந்த பிள்ளைக்கு முதல் நாட்களில் வரும் வலிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இதை மறைத்துவிட்டுப் பேசுவது சரியல்ல. அந்த வலிப்பு அரிதானதுதான், ஆனால் வந்த வீட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை. அதேசமயம், பிள்ளை இறப்பதிலோ பெருமூளை வாதம் வருவதிலோ இரண்டு பிரிவுக்கும் இடையில் தெளிவான வித்தியாசம் இல்லை. டப்ளின் பிள்ளைகளை 4 வயது வரை பின்தொடர்ந்து பார்த்தபோதும் பெருமூளை வாதம் குறைந்திருக்கவில்லை. பெல்ட் கட்டிய தாய்மாருக்கு சிசேரியனும், வாக்குவம் (உறிஞ்சு கருவி), ஃபோர்செப்ஸ் (இடுக்கி) போட்டு எடுப்பதும் கூடின. முதல் பிள்ளைக்கு சிசேரியன் செய்தால் அடுத்த பிள்ளைக்கும், அதற்கடுத்த பிள்ளைக்கும் அந்தத் தழும்போடுதான் கணக்குப் போட வேண்டும். நீங்கள் முதல் பிள்ளைத் தாய் என்பதால் இது உங்களுக்கு இன்னும் முக்கியம்.

ஏன் இப்படி என்றால், மெஷின் துடிப்பை எழுதிக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. நன்றாக இருக்கும் பிள்ளைகளின் தாளிலும் சந்தேகமான கோடுகள் வரும். ஒரே தாளை இரண்டு வைத்தியரிடம் காட்டினால் இரண்டு கருத்து வருவதுண்டு. அதோடு, பெல்ட் கட்டியதும் தாய் அசையாமல் மல்லாந்து படுத்துவிடுகிறார். அசைந்தால் சத்தம் போய்விடும் என்ற பயம். மல்லாந்து படுக்கும்போது கர்ப்பப்பையின் பாரம் பெரிய இரத்தக் குழாய்களை அமுக்கி, பிள்ளைக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. பிள்ளையைக் கவனிக்கக் கட்டிய பெல்ட்டால் பிள்ளைக்கே கஷ்டம் வருவதை நான் வாட்டில் அடிக்கடி பார்க்கிறேன். எந்தத் தாயையாவது மல்லாந்து படுத்தபடி பெல்ட்டோடு கண்டால் முதலில் பக்கவாட்டில் திருப்பிவிட்டுத்தான் தாளைப் பார்ப்பேன்.

வைத்தியசாலைக்குப் போனவுடனே 20 நிமிடம் பெல்ட் போட்டுப் பார்க்கும் வழக்கமும் பல இடங்களில் இருக்கிறது. ஆரோக்கியமான தாய்க்கு அது அவசியமில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஆனாலும் போட்டால் மனம் கலங்க வேண்டாம், ஏதோ பிழை என்பதால் போடுகிறார்கள் என்று அர்த்தமில்லை.

இனி, பெல்ட் கட்டாயம் வேண்டிய நேரங்கள். இந்தப் பகுதியைத் திரும்பவும் ஒருக்கால் வாசியுங்கள். பன்னீர்க்குடம் உடைந்து வரும் தண்ணீர் பச்சையாக, கெட்டியாக இருந்தால். பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்பது அதன் பொருள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால், பிரஷர் ஏறினால், பிரசவத்தின் நடுவில் புதிதாக இரத்தம் போனால். பிள்ளையின் வளர்ச்சி குறைவு என்று ஸ்கானில் சொல்லியிருந்தால். இரட்டைப் பிள்ளை, குறைமாதம், முன்பு சிசேரியன், மருந்து தேவைப்படும் சலரோகம் என்றால். முதுகில் ஊசி போட்டு நோவை மரக்க வைத்தால். இடைக்கிடை கேட்கும்போது துடிப்பு 110க்குக் கீழே அல்லது 160க்கு மேலே நின்றால், அல்லது நோ விட்ட பிறகும் இறங்கியே இருந்தால். இதில் எதுவும் இல்லாமல் நீங்கள் உள்ளே போயிருந்தாலும், நடுவில் ஒன்று வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது.

இன்னுமொன்று, நம் ஊரில் மிக அதிகமாக வருவது: நோ கூட்டும் ட்ரிப். வாட்டில் “சின்டோ” என்பார்கள், ஒக்சிடோசின் மருந்து. நோ மந்தமாக இருந்தால் அது பெரிய உதவி, நான் அதற்கு எதிரானவள் இல்லை. ஆனால் கர்ப்பப்பையை இறுக்குவதே அந்த மருந்தின் வேலை. அளவு கூடினால் ஒரு நோ விட்டு மற்றது வருவதற்கு முன் பிள்ளைக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்காது. 10 நிமிடத்துக்குள் 3 முதல் 5 நோ என்பது நல்ல வேகம். 5க்கு மேல் போனால் அது அளவுக்கு மிஞ்சியது. ட்ரிப்பைக் குறைக்க வேண்டும், துடிப்பும் மாறினால் நிறுத்தவே வேண்டும். நல்ல நிலையில் உள்ளே வந்த ஒரு பிள்ளையைப் பிரசவ அறையில் களைக்க வைப்பதில் இந்த ட்ரிப்புக்குப் பெரும் பங்குண்டு, கவனித்தால் தடுக்கக் கூடியதும் இதுதான். அதனால் ட்ரிப் போட்டால் பெல்ட் கட்டச் சொல்லிக் கேளுங்கள். தயங்க வேண்டாம். நோ விட்டுவிட்டு வராமல் ஒரே பிடியாக இறுகி நின்றால், அல்லது அடுத்தடுத்து இடைவெளி இல்லாமல் வந்தால், உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள்: “மிஸ், நோ விடுதில்லை, ட்ரிப்பை ஒருக்கா பாருங்கோ.” இப்படிச் சொல்வது குறை சொல்வதாகாது. உங்கள் வயிற்றில் நடப்பது உங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

மச்சாளின் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய தாளை நான் பார்க்கவில்லை. அதனால் அந்த சிசேரியன் தேவையா இல்லையா என்று இங்கிருந்து சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்தத் தாளில் வைத்தியர்கள் என்ன பார்ப்பார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

தாளில் இரண்டு கோடு ஓடும். மேலே பிள்ளையின் துடிப்பு, கீழே நோ. நம் நாட்டில் பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் என்ற வேகத்தில் தாள் நகரும். மேல்கோடு வழுவழுப்பாக இருக்கக் கூடாது. 5 முதல் 25 துடிப்பு வரை மேலும் கீழுமாக நடுங்கியபடியே போக வேண்டும். பிள்ளையின் மூளையும் நரம்பும் விழிப்பாக இருப்பதன் அடையாளம் அது. பிள்ளை நித்திரை கொண்டால் 40 நிமிடம் வரை அந்த நடுக்கம் குறையலாம். நோவைக் குறைக்கும் பெத்திடின் ஊசி போட்டாலும் குறையும். நித்திரையால் குறைந்தது தானாகத் திரும்பி வரும். இனி, இறக்கம். நோவோடு சேர்ந்து மெதுவாக இறங்கி, நோவோடு சேர்ந்தே ஏறினால் பெரும்பாலும் தலை அமுங்குவதால், பயமில்லை. சட்டென்று இறங்கி சட்டென்று ஏறினால் கொடி நெருக்குப்படுவதால். மிக மிக அதிகமாகக் காண்பது இதுதான். இறக்கம் கொஞ்ச நேரமாக, மற்ற எல்லாம் நன்றாக இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம். நீண்டு, ஆழமாகி, நடுக்கமும் போனால் பொறுக்க முடியாது. நோ உச்சிக்குப் போன பிறகு இறங்கத் தொடங்கி, நோ விட்ட பிறகும் ஏற மனமில்லாமல் நின்றால், நச்சுக்கொடியிலிருந்து வரும் ஒட்சிசன் போதவில்லை என்று யோசிக்க வேண்டும். ஒரேயடியாக இறங்கி 3 நிமிடத்துக்கு மேலாக ஏறாமல் நின்றால், அந்த அறையில் எல்லோரும் ஓடத் தொடங்குவார்கள்.

ஓடுவதைப் பார்த்துத்தான் தாய்மார் அரைவாசி பயப்படுகிறார்கள். என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த ஓட்டம் அவ்வளவு பயமாக இருக்காது. உங்களை இடப்பக்கம் திருப்புவார்கள். சின்டோ ஓடினால் நிறுத்துவார்கள். பிரஷர் பார்த்து, குறைந்திருந்தால் சேலைன் ஏற்றுவார்கள். உள்ளே கைவைத்துப் பார்ப்பார்கள். கொடி முன்னால் நழுவி வந்துவிட்டதா, வாய் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று அறியத்தான். நோ மிஞ்சியிருந்தால் கர்ப்பப்பையைத் தளர்த்த ஒரு ஊசி போடுவார்கள். முன்பெல்லாம் உடனே ஒட்சிசன் முகமூடி போடுவது வழக்கம். தாய்க்கே ஒட்சிசன் குறைவாக இருந்தாலொழிய அதனால் பிள்ளைக்குப் பயனில்லை என்பது இப்போதைய நிலைப்பாடு. இவ்வளவும் சில நிமிடத்துக்குள். பல தடவை இதிலேயே துடிப்பு திரும்பிவிடும். திரும்பாவிட்டால், வாய் முழுதாக விரிந்து தலை கீழே வந்திருந்தால் வாக்குவமோ ஃபோர்செப்ஸோ, இல்லாவிட்டால் சிசேரியன்.

மச்சாளின் பிள்ளை நன்றாக அழுது பிறந்தது என்பதை வைத்து “வீணாக வெட்டிவிட்டார்கள்” என்று முடிவு கட்ட வேண்டாம். களைக்கத் தொடங்கிய பிள்ளையைக் களைத்து முடிவதற்குள் எடுத்தால் அது நன்றாகத்தான் அழும். அதேபோல, கொடி சுற்றியிருந்ததால்தான் எல்லாம் என்றும் நினைக்க வேண்டாம். பிறக்கும் பிள்ளைகளில் ஐந்தில் ஒன்றுக்காவது கழுத்தில் கொடி சுற்றியிருக்கும், அவற்றில் பெரும்பாலானவை ஒரு பிரச்சினையும் இல்லாமல் சாதாரணமாகவே பிறக்கின்றன. தலை வெளியே வந்ததும் விரலால் அந்தக் கொடியை எடுத்துவிடுவார்கள். மச்சாளின் டயக்னோசிஸ் கார்டில் சிசேரியனுக்கான காரணம் எழுதியிருக்க வேண்டும். விளங்காவிட்டால் செய்த வைத்தியரிடமே போய்க் கேட்கலாம். அது அவருடைய உரிமை. அடுத்த பிள்ளையைச் சுகமாகப் பெறலாமா என்று தீர்மானிக்கவும் அந்தக் காரணம் தேவைப்படும்.

மாமியின் கவலையை நான் லேசாக எடுக்கவில்லை. தூர தேசத்தில் தனியாக இருக்கும் மகனை நினைத்து வரும் பயம் அது. கொடி பிள்ளையின் கழுத்தில் சுற்றுவது, கொடி நீளமாக இருந்து, பிள்ளை உள்ளே நிறையச் சுற்றிப் புரண்டதால். மாமனின் ஆயுளுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. எண்ணெயில் முகம் பார்க்கும் சடங்கைச் செய்தால் அவர் மனம் ஆறுமென்றால் செய்யட்டும், யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அந்தப் பேச்சை நீங்கள் மனதில் சுமந்துகொண்டு பிரசவ அறைக்குள் போக வேண்டாம்.

மெஷின் வாங்குவது பற்றி: வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அவருடைய அக்கறை விளங்குகிறது. பிள்ளையின் சத்தத்தை வீடியோ கோலில் கேட்க ஆசைப்படுவார், பக்கத்தில் இருக்க முடியாத தகப்பனுக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் பழக்கமில்லாதவர் கையில் அந்த மெஷின் இரண்டு விதமாக ஏமாற்றும். நச்சுக்கொடியில் இரத்தம் பாயும் உஸ் உஸ் சத்தத்தையோ உங்கள் நாடியையோ பிள்ளையின் துடிப்பு என்று நம்பி, அசைவு குறைந்த நாளில்கூட “துடிப்பு கேட்குதுதானே” என்று வீட்டிலேயே இருந்துவிடுவீர்கள். இதுதான் ஆபத்தானது. மறுபக்கம், பிள்ளை திரும்பிப் படுத்ததால் சத்தம் கிடைக்காமல் நடுச்சாமத்தில் அலறிக்கொண்டு ஓடுவீர்கள். துடிப்பு கேட்பதாலேயே பிள்ளை நலம் என்று ஆகிவிடாது. அது கடைசி வரை துடிக்கும். கஷ்டம் தொடங்கும்போது முதலில் குறைவது அசைவு.

அதனால் இந்த மிச்சக் கிழமைகளில் உங்கள் கையில் இருக்கும் சிறந்த கருவி பிள்ளையின் அசைவுதான். கிளினிக்கில் எண்ணச் சொல்லித் தந்திருப்பார்கள்: காலையிலிருந்து 12 மணித்தியாலத்துக்குள் 10 அசைவாவது. அந்த எண்ணிக்கையைவிட, உங்கள் பிள்ளையின் வழக்கத்தைத் தெரிந்து வைத்திருப்பது பெரிது. வழக்கமாகச் சாப்பிட்ட பிறகு துள்ளுகிற பிள்ளை இன்றைக்குச் சும்மா இருந்தால், எண்ணி முடியும் வரை காத்திருக்க வேண்டாம். இனிப்பாக ஏதாவது குடித்துப் பார்ப்போம், விடியட்டும் பார்ப்போம் என்று இரவைக் கடத்த வேண்டாம். நேரத்தைப் பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். பெல்ட் போட்டுப் பார்ப்பதற்கு அதுதான் சரியான நேரம். எல்லாம் சரி என்று திருப்பி அனுப்பினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு நாளில் மறுபடி குறைந்தால் மறுபடியும் போங்கள்.

(நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவுப் பக்கமிருந்து இதை வாசிக்கும் தங்கச்சிமார் இருந்தால்: படகு ஓடாத நேரத்தில் அசைவு குறைந்தால் என்ன செய்வது என்று உங்கள் மருத்துவமாதுவிடம் இப்போதே கேட்டு வையுங்கள். நாள் நெருங்கும்போது யாழ்ப்பாணப் பக்கம் ஒரு உறவினர் வீட்டில் வந்து நிற்பது புத்தி. சோளகக் காற்றுக் காலத்தில் இன்னும் முந்தியே வாருங்கள்.)

பிரசவ அறைக்குள் போன பிறகு சில விஷயங்கள். உங்களைப் பார்க்க வரும் ஒவ்வொரு புது முகத்துக்கும், தண்ணிக்குடம் எப்போது உடைந்தது, என்ன நிறம், அசைவு எப்படி என்று நீங்களே சொல்லுங்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இது மிகவும் உதவும். மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுங்கள். பெல்ட் கட்டாவிட்டால் நடக்கலாம், இருக்கலாம், அது நோவையும் தாங்க உதவும். பெல்ட் கட்டியிருக்கும்போது சத்தம் திடீரென நின்றால் பத்தில் ஒன்பது தடவை அது பெல்ட்டுக்குள் இருக்கும் வட்டு நழுவியதுதான். பயந்து அழாமல் கூப்பிட்டுச் சொல்லுங்கள், சரிசெய்வார்கள். கூட ஒருவர் நிற்க விடுவார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். விடுவார்களென்றால் அம்மாவோ மச்சாளோ, பதற்றப்படாத ஒருவரைத் தெரிவு செய்யுங்கள். அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாலே பெரிய உதவி. முக்கும் நேரத்தில் நீங்கள் நேரத்தைக் கவனிக்க மாட்டீர்கள். “மிஸ், இரண்டு மூன்று நோ வந்து போயிட்டுது, பிள்ளையின்ர துடிப்பை ஒருக்கா பாருங்கோ” என்று அவர் மரியாதையாகச் சொல்லலாம். கேட்டு முடிந்ததும் எண் எத்தனை என்று கேளுங்கள். நேரம் இருக்கும்போது சொல்லாத தாதியையோ மருத்துவமாதுவையோ நான் அதிகம் கண்டதில்லை.

36ஆம் கிழமைக் கிளினிக்குக்குப் போகும்போது உங்கள் கர்ப்பப் பதிவேட்டை நீட்டி, “எனக்கு இடைக்கிடை கேட்டால் போதுமா, பெல்ட் வேண்டிய காரணம் ஏதாவது இருக்கிறதா?” என்று அங்குள்ள வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள். காரணம் ஏதாவது இருந்தால் அதைப் பதிவேட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நோ வரும் இரவில் வாட்டில் யார் கடமையில் இருந்தாலும் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.